இரண்டு ரவுண்ட்ஸுக்கு நடுவில்: பிசிஷியன் அசிஸ்டென்ட் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கிறேன். இன்டர்ன்ஷிப் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். கல்லூரிக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள், +2 முடித்த பிள்ளைகளின் பெற்றோர், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காரும் உறவினர்கள் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஃபோனில் பாதி பாதியாகச் சொல்லி வந்ததை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"பி.ஏ.ன்னா டாக்டருக்கு பெர்சனல் அசிஸ்டென்ட்டா? ஃபைல் தூக்கிட்டுப் போற வேலையா?"

இல்லை. பிசிஷியன் அசிஸ்டென்ட் என்பவர் ஒரு டாக்டரின் பொறுப்பின் கீழ் நோயாளியைப் பார்ப்பவர். நோயின் வரலாற்றைக் கேட்டு எழுதுவது, உடலைப் பரிசோதிப்பது, டெஸ்ட் முடிவுகளைச் சேர்த்து வைப்பது, டாக்டர் சொன்ன சிகிச்சை சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பது, அறுவை சிகிச்சையில் கூட நின்று உதவுவது எல்லாம் எங்கள் வேலை. என்ன நோய், என்ன மருந்து என்ற முடிவு டாக்டருடையது.

அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் 1965ல் டாக்டர் யூஜீன் ஸ்டெட் இந்தப் படிப்பைத் தொடங்கினார். கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்கள்தான் முதல் மாணவர்கள். இந்தியாவில் 1992ல் தொடங்கியது, அதுவும் நம் சென்னையில். மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை நிபுணர் டாக்டர் கே.எம்.செரியன் இதற்கு வித்திட்டார். இதய அறுவைப் பிரிவில் பிறந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஒரு பைபாஸ் ஆபரேஷனுக்குள் போன சர்ஜன் வெளியே வர மணிக்கணக்காகும். அதுவரை நேற்று ஆபரேஷன் ஆனவரை யார் பார்ப்பது? சர்ஜன் காலையில் ஒரு முறை ரவுண்ட்ஸ் வருவார், மாலையில் ஒரு முறை வருவார். நடுவில் இருக்கிற நேரம்தான் எங்கள் இடம். கீழே வருகிற பதில்கள் பலவும் இதைச் சுற்றியே இருக்கும்.

"அப்போ நர்ஸ் வேலைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

நர்சிங் தனித் துறை, தனிப் பதிவு, தனி மேலதிகாரம். நோயாளிக்கு மருந்து போய்ச் சேருவது, படுக்கைப் பராமரிப்பு, ஒவ்வொரு மணி நேரக் கண்காணிப்பு எல்லாம் சிஸ்டர்கள் கையில் இருக்கிறது. நாங்கள் டாக்டர் குழுவின் பக்கத்தில் இருக்கிறோம்: கேஸ் ஷீட், பரிசோதனை, சிகிச்சைத் திட்டம், டிஸ்சார்ஜ் சம்மரி.

இந்த ஒரு வருடத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால் முதலில் சிஸ்டர்களைத்தான் சொல்வேன். பத்துப் பதினைந்து வருடம் ஐ.சி.யு.வில் நின்ற ஒரு சிஸ்டர் "இந்த ஐயா ஏதோ சரியில்லப்பா" என்று சொன்னால், மானிட்டரில் எல்லா எண்ணும் சரியாக இருந்தாலும் போய்ப் பாருங்கள்.

"எத்தனை வருஷம்? நீட் எழுதணுமா?"

மூன்று வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடக் கட்டாய இன்டர்ன்ஷிப். +2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். எங்கள் வருடத்தில் +2 மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை நடந்தது, நீட் கேட்கவில்லை. விதிகள் மாறலாம் என்பதால், சேரப்போகிற வருடத்து அறிவிப்பை முழுதாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கல்லூரிக்கு எந்தப் பல்கலைக்கழக இணைப்பு, அதற்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, எத்தனை படுக்கை ஓடுகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். நோயாளி இல்லாத மருத்துவமனையில் இந்தப் படிப்பைப் படிக்க முடியாது.

"இன்டர்ன்ஷிப்ல ஒரு நாள் எப்படி இருக்கும்?"

இதயப் பிரிவில் இருந்தபோது 6:30 மணிக்கு வார்டில் இருப்பேன். யூனிட்டின் தலைமை டாக்டரான சீஃபின் ரவுண்ட்ஸ் 8 மணிக்கு. அந்த ஒன்றரை மணி நேரத்தில் எனக்குக் கொடுத்திருக்கிற ஆறேழு நோயாளிகளையும் பார்த்து முடிக்க வேண்டும். இரவில் காய்ச்சல் வந்ததா, சிறுநீர் எவ்வளவு போனது, டிரெய்னில் (உள்ளே தேங்கும் ரத்தத்தையும் நீரையும் வெளியேற்ற வைக்கும் குழாய்) எவ்வளவு வந்தது, காலையில் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு, நேற்று சீஃப் மாற்றச் சொன்ன மருந்து உண்மையிலேயே மாறியதா என்று ஒவ்வொருவருக்கும் பார்த்து எழுதிக்கொள்வேன். ரவுண்ட்ஸில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை. அதற்குள் சொல்லத் தெரிய வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பிப்பேன். நல்லதும் கெட்டதும் ஒரே குரலில் வரும். ஒருநாள் சீஃப் நிறுத்தி, "இதுல நான் எதுக்குக் கவலைப்படணும், அதை முதல்ல சொல்லும்மா" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் முதல் வாக்கியத்தை மட்டும் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்கிறேன்.

ரவுண்ட்ஸ் முடிந்தால் ஆர்டர்களைச் செய்து முடிப்பது. எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) அனுப்பு, கட்டுப் பிரித்துப் பார், காப்பீட்டுத் திட்டத்துக்கான குறிப்பு எழுது, வீட்டுக்குப் போகிறவருக்குச் சம்மரி தயார் செய். பகலில் புது அட்மிஷன்கள். மாலை ரவுண்ட்ஸ், அப்புறம் இரவுப் பணிக்கு வருகிறவரிடம் ஒப்படைப்பு. வீடு திரும்ப 7 மணி ஆகும். நைட் டியூட்டி தனி.

"எந்தெந்த டிபார்ட்மென்ட்ல போடுவாங்க? எது நல்ல போஸ்டிங்?"

இது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். எனக்குப் பொது மருத்துவம், பொது அறுவை, அவசரப் பிரிவு, இதய மருத்துவம், இதய அறுவை, ஐ.சி.யு., சிறுநீரகப் பிரிவு கிடைத்தன.

எல்லோரும் ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் ஆசைப்படுவார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. இப்போது கேட்டால் பொது மருத்துவ வார்டைத்தான் சொல்வேன். அங்கேதான் கேட்கக் கற்றுக்கொள்கிறோம். நம் மக்கள் புத்தகத்தில் இருக்கிற மாதிரி நோயைச் சொல்வதில்லை. "வாய்வு புடிச்சிருக்கு" என்பார் ஒரு தாத்தா. அது உண்மையிலேயே வயிற்று உப்புசமாக இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். "நெஞ்சு கரிக்குது", "நெஞ்ச அடைக்குது", "நெஞ்சு படபடங்குது" இந்த மூன்றும் மூன்று வேறு வழிகளில் நம்மைக் கொண்டுபோகும். "மயக்கமா வருது" என்றால் தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நினைவே தப்பிவிட்டதா, இல்லை வெறும் அசதியா? நான்கையும் நம் ஊரில் மயக்கம் என்றுதான் சொல்வார்கள். கேட்டுப் பிரிக்காமல் கேஸ் ஷீட்டில் ஒரு ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டால், அப்புறம் வருகிற எல்லோரும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு போவார்கள். நோயாளி சொன்ன தமிழ்ச் சொல்லையும் அப்படியே குறித்து வைப்பது என் வழக்கம்.

மருந்து வரலாறும் அப்படித்தான். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றால் "சுகருக்கும் பிரஷருக்கும்" என்பதோடு முடிந்துவிடும். "மாத்திரைப் பையைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்று கேளுங்கள். மஞ்சள் பைக்குள் இருந்து ஒரு குடும்பமே வெளியே வரும். பைபாஸுக்காக அட்மிட் ஆன ஒருவர் ரத்தம் உறையாமல் இருக்க எந்த மாத்திரையும் எடுக்கவில்லை என்று உறுதியாகச் சொன்னார். பையில் பாதி தீர்ந்த குளோபிடோக்ரெல் அட்டை இருந்தது. அவசரமில்லாத பைபாஸுக்கு முன் அதை ஐந்து நாள் நிறுத்துவது வழக்கம். ஆபரேஷன் தேதி தள்ளிப்போனது. நாட்டு மருந்து, லேகியம் எல்லாவற்றையும் இதே போல் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். முகம் சுளித்தால் அடுத்த தடவை சொல்ல மாட்டார்கள்.

"கையால என்னென்ன செய்ய விடுவாங்க?"

கூட ஒருவர் நிற்க, படிப்படியாக விடுவார்கள். கேனுலா (மருந்து ஏற்றக் கையில் போடும் சிறு குழாய்) போடுவது, ரத்தம் எடுப்பது, இ.சி.ஜி. எடுத்துப் படிப்பது, மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாயை இறக்குவது, சிறுநீர்க் குழாய் போடுவது, மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுப்பது, தையல் போடுவது, தையல் பிரிப்பது, டிரெய்ன் எடுக்கும்போது உதவுவது. இதய அறுவையில் பைபாஸுக்காகக் காலில் இருந்து ரத்தக்குழாய் எடுப்பதில் சீனியர் பி.ஏ.க்கள் கைதேர்ந்தவர்கள். நான் உதவியிருக்கிறேன், தோல் தையலை முழுதாகப் போட்டிருக்கிறேன். முழு ரத்தக்குழாயையும் தனியாக எடுக்க எனக்கு இன்னும் காலம் இருக்கிறது.

ஒவ்வொன்றிலும் எங்கே தப்பு நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு கை வையுங்கள். சிறுநீர்க் குழாயில் சிறுநீர் வருவதைப் பார்த்த பிறகுதான், குழாய் நழுவாமல் பிடிக்கும் பலூனை ஊத வேண்டும். தமனியில் ஊசி எடுத்த பிறகு நேரம் பார்த்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பொட்டாசியம் ஊசியை ஒருபோதும் நேரடியாக ரத்தக்குழாயில் தள்ளக்கூடாது. இவை எல்லாம் யாரோ ஒரு நோயாளிக்கு நடந்த கெடுதலில் இருந்து வந்த விதிகள்.

செய்ததை அன்றே லாக் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் வாங்கலாம் என்று விட்டால் அந்த டாக்டர் வேறு யூனிட்டுக்குப் போயிருப்பார்.

"செய்முறைல சிறந்த ஆளாகணும்னா எதைப் பழகணும்?"

மூச்சை எண்ணப் பழகுங்கள். சொல்லும்போது சின்ன விஷயமாகத் தெரியும். ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். பல சார்ட்டுகளில் எல்லோருக்கும் 20 என்றே எழுதியிருக்கும், யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ரத்த அழுத்தம் இறங்குவதற்கு வெகுமுன்பே மூச்சு வேகமாகிவிடும். நோயாளியிடம் சொல்லாமல், நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்பைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இந்த ஒரு வருடத்தில் என் கையில் வந்த கருவிகளில் எனக்கு அதிகம் உதவியது இந்த ஒரு நிமிடம்தான்.

"எனக்கு ரத்தம் பார்த்தா தலை சுத்தும். சேரலாமா?"

சேரலாம். முதல் தடவை தியேட்டரில் பலருக்கும் வரும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், முட்டியை விறைப்பாக வைத்து நிற்காதீர்கள், கண் இருட்டினால் வெட்கப்படாமல் பின்னால் நகர்ந்து கீழே உட்காருங்கள். மேஜை மேல் சாய்ந்துவிடக் கூடாது, அதுதான் முக்கியம். மூன்று நான்கு வாரத்தில் பழகிவிடும்.

"ஊசி குத்திட்டா?"

ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள். உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. "திட்டுவாங்க" என்று மறைத்து வைத்த ஜூனியர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மறைக்காதீர்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் வார்டுக்குப் போவதற்கு முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும்.

"எம்.பி.பி.எஸ். பசங்க முன்னாடி நமக்கு மரியாதை கிடைக்குமாக்கா?"

எல்லா இடத்திலும் கிடைக்காது. "பி.ஏ.வா, அது யாரு?" என்று என் முகத்துக்கு எதிரே கேட்ட டாக்டர்கள் உண்டு. அன்று இரவு விடுதியில் அழுதிருக்கிறேன். அது தப்பில்லை.

ஆனால் வார்டில் மரியாதை வேகமாக மாறுகிற பொருள். ஒரு யூனிட்டில் முதல் வாரம் என் பெயரே யாருக்கும் தெரியாது. நான்காவது வாரத்தில் எம்.டி. படிக்கும் டாக்டர் ஒருவர் "12ம் பெட் நிலவரம் என்ன?" என்று என்னிடம்தான் முதலில் கேட்டார். அந்த நோயாளியின் ஆறு நாள் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) எனக்கு மனதில் இருந்தது, அவ்வளவுதான். டாக்டர் படிப்போடு நம்மை ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் இந்த வேலை கசக்கும். அவர்கள் படிப்பு நீளமானது, பொறுப்பு பெரியது, அது உண்மை. நம் வேலை எங்கே இருக்கிறது என்பதை முதல் பதிலில் சொல்லியிருக்கிறேன்.

"தப்பு பண்ணியிருக்கீங்களா?"

பண்ணியிருக்கிறேன். இதை எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். இனிமேல் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பைபாஸ் முடிந்த முதல் இரவு. நெஞ்சில் வைத்த டிரெய்னில் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி வந்தது, அடுத்த மணியில் 120. அதற்கடுத்த மணியில் 10 தான். ரத்தக் கசிவு நின்றுவிட்டது என்று நிம்மதியாக எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். சிறுநீர் குறைந்திருந்ததையும் எழுதினேன். ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியதையும் எழுதினேன். மூன்றும் ஒரே தாளில், என் கையெழுத்தில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருந்தன. நான் சேர்த்துப் பார்க்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. கால் மணி நேரம் கழித்து வந்த சிஸ்டர் டிரெய்ன் குழாயைத் தடவிப் பார்த்தார். உள்ளே ரத்தம் கட்டியாகி அடைத்திருந்தது. கசிவு நிற்கவில்லை, வெளியே வர வழியில்லாமல் இதயத்தைச் சுற்றித் தேங்கிக்கொண்டிருந்தது. டியூட்டி டாக்டர் ஓடி வந்தார், சர்ஜனை அழைத்தார்கள், திரும்பவும் தியேட்டருக்குப் போனார்கள். நோயாளி பிழைத்தார், ஒன்பதாவது நாள் வீட்டுக்கும் போனார்.

மறுநாள் நானே போய் சர்ஜனிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. "வந்துக்கிட்டிருந்த டிரெய்ன் திடீர்னு நின்னா அது நல்ல செய்தி இல்ல. எழுதுறதும் சொல்றதும் வேற வேற வேலை" என்றார். நான் அந்தத் தாளை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. தப்பு நடந்தால் செய்ய வேண்டிய வரிசை இதுதான்: நோயாளியைப் பாருங்கள், உடனே மேலே சொல்லுங்கள், நடந்ததை நடந்த நேரத்தோடு எழுதுங்கள், எழுதியதைத் திருத்தாதீர்கள்.

"நைட் டியூட்டில டாக்டர் ஃபோன் எடுக்கலன்னா என்ன பண்றது?"

முதலில், எடுத்தால் என்ன சொல்வது என்று தயாராக இருங்கள். தூக்கத்தில் எழுப்பி "சார், பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்கார்" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. நான் பழகிய வரிசை: நான் யார், எந்த நோயாளி, இப்போது என்ன நடக்கிறது, முன்கதை என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, உங்களிடம் எனக்கு என்ன வேண்டும். "சார், இதய ஐ.சி.யு.ல இருந்து பி.ஏ. இன்டர்ன் பேசறேன். 4ம் பெட், நேத்து பைபாஸ் ஆனவர். டிரெய்ன் திடீர்னு குறைஞ்சிருக்கு, பிரஷர் 80க்கு வந்துடுச்சு, யூரின் இல்ல. உள்ள தேங்குதோன்னு பயமா இருக்கு. நீங்க உடனே வரணும்." இருபது நொடியில் முடிந்துவிடும். முந்தைய பதிலில் சொன்ன இரவில் நான் இப்படிப் பேசியிருக்க வேண்டும்.

எடுக்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். அடுத்த டாக்டர், ஐ.சி.யு. டாக்டர், அவசரக் குழு என்று மேலே மேலே போங்கள். யாரை எந்த வரிசையில் அழைப்பது என்பதை டியூட்டி தொடங்கும்போதே எழுதி வாங்கி வையுங்கள். நாடி இல்லை என்றால் ஃபோனை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஐந்து சென்டிமீட்டராவது கீழே போக வேண்டும். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் டாக்டர் வரவில்லை என்பதற்காக நாமே ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்து எழுதுவது நம் எல்லைக்கு வெளியே. அந்தக் கோட்டை இரவு 3 மணிக்கும் தாண்டக் கூடாது.

"பேஷன்ட் 'டாக்டரம்மா'ன்னு கூப்பிட்டா திருத்தணுமா? தினமும் நூறு தடவை கூப்பிடுறாங்களே?"

முதல் சந்திப்பில் நான் சொல்லிவிடுகிறேன்: "நான் டாக்டர் இல்லம்மா, டாக்டர் கூட வேலை பாக்குற பிசிஷியன் அசிஸ்டென்ட். நீங்க சொல்றத டாக்டர்கிட்ட முழுசா கொண்டுபோவேன்." அதற்கு அப்புறமும் பழக்கத்தில் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருத்துவதில்லை. ஆனால் ஆபரேஷன் சம்மதம், நோய் என்ன என்ற கேள்வி, பிழைப்பாரா என்ற கேள்வி வரும்போது மறுபடியும் தெளிவாகச் சொல்லிவிட்டு டாக்டரை அழைக்கிறேன். யார் பேச்சை நம்பி முடிவெடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். பெயருக்கு முன்னால் "டாக்டர்" என்று போட்டுக்கொள்வது, ஊரில் கிளினிக் போர்டு வைப்பது எல்லாம் சட்டப்படியும் தப்பு.

"சித்தப்பாவுக்குக் காய்ச்சல், ஒரு மாத்திரை சொல்லேன், இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போகணுமா?"

மேலே சொன்ன கோடு வீட்டுக்கும் பொருந்தும். மருந்து எழுதிக் கொடுப்பது பதிவு பெற்ற டாக்டரின் உரிமை. இந்தக் கேள்வி வீட்டில் மனக்கசப்பாகிற அளவுக்கு வந்திருக்கிறது. "நாலு வருஷம் படிச்சும் ஒரு மாத்திரை சொல்லத் தெரியலயா" என்று கேட்பார்கள். நான் செய்வது இது: எத்தனை நாளாகக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறதா, தண்ணீர் குடிக்க முடிகிறதா, என்னென்ன மாத்திரை எடுக்கிறார் என்று கேட்டு, எவ்வளவு சீக்கிரம் எங்கே போக வேண்டும் என்று சொல்வேன். போன மாதம் சித்தப்பாவை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். டெங்கு. கூடப் போக முடிந்தால் போய்விடுவேன், அந்த உதவி மாத்திரைப் பெயரை விடப் பெரியது.

"பேஷன்ட் இறந்துபோனா எப்படித் தாங்கிக்கிறீங்க?"

முதல் மரணம் அவசரப் பிரிவில், 41 வயது ஆட்டோ ஓட்டுநர். நெஞ்சை அழுத்தியவர்களில் நானும் ஒருத்தி. நிறுத்தச் சொன்ன பிறகும் என் கை கொஞ்ச நேரம் அதே தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வெளியே அவர் மனைவி டிபன் கூடையோடு நின்றார்.

செய்தியைச் சொல்வது டாக்டரின் வேலை. ஆனால் சொல்லி முடித்து அவர் அடுத்த நோயாளிக்குப் போன பிறகு அங்கே நிற்பது பெரும்பாலும் நாங்கள்தான். என்ன பேசுவது என்று இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை. தண்ணீர் கொடுப்பேன், உட்கார வைப்பேன், யாரை ஃபோனில் கூப்பிட வேண்டும் என்று கேட்பேன். "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்வதில்லை. அன்று டியூட்டி முடிந்ததும் ஆயாம்மா எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஜூனியர்களுக்கு இப்போது அதைத்தான் செய்கிறேன். தூக்கம் கெட்டு வாரக்கணக்கில் போனால் தயங்காமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் பார்த்தார்கள், இருவரும் நன்றாக வேலை செய்கிறார்கள்.

"இதை முடிச்சுட்டு நேரா அமெரிக்கா, லண்டன் போகலாம்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரே?"

நேராகப் போக முடியாது. அமெரிக்காவில் பி.ஏ.வாக வேலை செய்ய அங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, அதற்கான தேசியத் தேர்வில் தேறி, மாநில உரிமம் வாங்க வேண்டும். அங்கே இது பட்டப்படிப்புக்கு மேல் படிக்கிற முதுநிலைப் படிப்பு. நம் பி.எஸ்சி.யோடு அந்தத் தேர்வை எழுத முடியாது. அங்கே போய்ப் படிக்க விண்ணப்பிக்கலாம், நம் வார்டு அனுபவம் அப்போது உதவும்.

பிரிட்டனில் இதே வேலைக்கு பிசிஷியன் அசோசியேட் என்று பெயர் வைத்திருந்தார்கள். 2024 டிசம்பரில் டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் கீழ் இவர்களுக்கும் பதிவு தொடங்கியது. இந்தத் தொழிலை ஆராய அந்நாட்டு அரசு கேட்டு, 2025ல் வந்த லெங் அறிக்கை, அசோசியேட் என்ற சொல் நோயாளிகளைக் குழப்புகிறது, அசிஸ்டென்ட் என்றே மாற்றுங்கள், நோய் இன்னதென்று கண்டறியப்படாதவர்களைத் தெளிவாக வகுத்த நெறிமுறைக்கு வெளியே இவர்கள் பார்க்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. அங்கேயும் வாதம் ஓயவில்லை. ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன் இதையெல்லாம் கேளுங்கள்.

"இந்தியாவுல இதுக்குச் சட்டம், கவுன்சில் எதுவும் இருக்கா? இல்லன்னா நாளைக்கு என்ன ஆகும்?"

2021ல் நாடாளுமன்றம் இயற்றிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் பிசிஷியன் அசோசியேட் என்ற பெயரில் நம் தொழிலும் இருக்கிறது. தேசிய ஆணையம், மாநிலக் கவுன்சில், பதிவேடு, ஒரே மாதிரியான பாடத்திட்டம் என்பது அதன் அமைப்பு. எனக்கு இது பெரிய ஆறுதல். 1992ல் தொடங்கிய ஒரு தொழில் சட்டத்தில் தன் பெயரைப் பார்க்க 29 வருடம் ஆகியிருக்கிறது. மதிப்பெண் பட்டியல், இன்டர்ன்ஷிப் சான்றிதழ், லாக் புக் மூன்றையும் பத்திரமாக வையுங்கள், பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது தேவைப்படும்.

"வேலைக்கு இன்டர்வியூ போறப்ப சம்பளம் தவிர என்ன கேக்கணும்?"

எனக்கு அடுத்த வாரம் இரண்டு இன்டர்வியூ இருக்கிறது. ஒரு தாளில் எழுதி வைத்திருப்பதை அப்படியே தருகிறேன். எந்த டாக்டரின் கீழ் வேலை, அவர் இல்லாதபோது யார்? இரவில் ஒரு பி.ஏ.வுக்கு எத்தனை படுக்கை? தனியாக எழுதச் சொல்லும் ஆர்டர்கள் உண்டா, அதில் டாக்டர் எப்போது கையெழுத்திடுவார்? ஊசி குத்தினால் மருந்துச் செலவு யாருடையது? நியமனக் கடிதத்தில் பதவிப் பெயர் என்னவென்று இருக்கும்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். "எக்ஸிகியூட்டிவ்", "கோஆர்டினேட்டர்" என்று போட்டுவிட்டால் அந்த வருடங்களைப் பிறகு வார்டு அனுபவமாகக் காட்டுவது கஷ்டம். எங்கள் சீனியர் அக்கா ஒருவர் இதற்காக இப்போதும் அலைந்துகொண்டிருக்கிறார்.